படம் ஊருக்குத் திரும்பி வரட்டும்: உள்ளூர் ஆவணப்பட விழா எமக்கு ஏன் தேவை?

திருகோணமலை மாவட்டத்தின் கிராமங்கள் எத்தனையோ தடவை படம் பிடிக்கப்பட்டுள்ளன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எங்கும் கமராக்கள் வந்தன. 2006 இல் சம்பூரிலும் சூழவுள்ள ஊர்களிலுமிருந்து மக்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காகத் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். 2015 இலும் 2016 இலும் சம்பூர்க் காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு மக்கள் பற்றைக்காடு வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். 2025 இல் முத்துநகர்க் கமக்காரர் தம் வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்கு எடுக்கப்படுவதை எதிர்த்துத் திருகோணமலை நகரில் அமர்ந்தார்கள். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ சிலர் கமராவுடன் வந்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் எடுத்தார்கள், கொண்டு போனார்கள். அவற்றுள் எத்தனை படங்களை, படத்தில் இருந்த மக்கள் பார்த்தார்கள்? நாம் பணியாற்றும் கிராமங்களில் இக்கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதிலாக வரும். அழுத தாய்க்கு, தான் அழுத படம் எந்த நாட்டில், எந்த மண்டபத்தில் காட்டப்பட்டது என்பது தெரியாது. தான் சொன்ன பத்து வசனங்களில் எந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்ற எட்டை வெட்டினார்கள் என்பதும் தெரியாது.

உள்ளூர் ஆவணப்பட விழா என்றால் என்ன, அதனால் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் விளக்க முனைகிறோம். எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படியான விழாவின் முதற்பயன் படத்தை அதில் இருப்பவர்களிடம் திருப்பிக் கொண்டு வருவதாகும். திரும்பி வந்த படத்துக்கு மக்கள் மறுமொழி சொல்லலாம். அந்த மறுமொழியிலிருந்துதான் மற்ற எல்லாப் பயன்களும் பிறக்கின்றன.

ஆவணப்படம் என்றால் என்ன?

நடிகர்களைக் கொண்டு கற்பனைக் கதையைச் சொல்வது கதைப்படம். உண்மையான மனிதர்களை, உண்மையான இடங்களை, நடந்த அல்லது நடக்கின்ற காரியங்களை வைத்து எடுப்பது ஆவணப்படம். விவரணப்படம் என்றும் எம் நாட்டில் சொல்வதுண்டு. அது செய்தியைப் போன்றதல்ல. செய்தி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆவணப்படம் ஓர் ஊரில் தங்கிநின்று, ஏன், எப்படி என்று கேட்கும்.

இலங்கைக்கு இது புதிய கலையல்ல. 1934 இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ உலக ஆவணப்பட வரலாற்றில் பெயர் பெற்ற ஒன்று. அதை எடுத்தவர் பசில் றைற் என்ற ஆங்கிலேயர். எடுப்பித்தது தேயிலைப் பிரசாரச் சபை. சுதந்திரம் கிடைத்த 1948 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கு பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1954 இல் உலர்வலயத்தில் மலேரியாவுக்கு எதிராக நடந்த போராட்டத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார். எம்முடையதும் உலர்வலயந்தானே. ஆனால் இவை யாவும் மேலிருந்து கீழே வந்த படங்கள். சபையோ திணைக்களமோ பேசும், மக்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மக்கள் பேச, மேலே இருப்பவர்கள் கேட்ட ஓர் உதாரணத்தை அறிய நாம் கனடாவுக்குப் போக வேண்டும்.

ஃபோகோ தீவில் நடந்தது

கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து மாகாணம் இருக்கிறது. அதன் வடகிழக்கே கடலில் ஃபோகோ என்னும் சிறு தீவு. அங்கிருந்தவர்கள் சிறுபடகு மீனவர்கள். 1960 களில் மீன்பிடி நலிந்தது. பலர் அரசின் நிவாரணத்தில் வாழவேண்டி வந்தது. சிதறிக்கிடந்த சிறு கரையோரக் கிராமங்களைக் காலிசெய்து மக்களைப் பெரிய ஊர்களில் குடியேற்றும் திட்டத்தை அரசு அப்போது நடத்திக்கொண்டிருந்தது. தீவை விட்டுப் போவதா, இருப்பதா என்று மக்கள் தத்தளித்தனர். தீவின் கிராமங்களிடையே ஒற்றுமையும் குறைவு. சமயப் பிரிவுகள் வேறு, பாடசாலைகள் வேறு. ஒரு கிராமத்தவர் அடுத்த கிராமத்தவருடன் அமர்ந்து பேசுவது அரிது.

1967 இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ என்பவர், அம்மாகாணத்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் விரிவாக்கப் பணி செய்த டொன் ஸ்னோடன் என்பவரின் ஒத்துழைப்புடன் அங்கு சென்றார். தீவின் துயரத்தைப் பற்றி ஒரு பெரிய படம் எடுக்கலாம் என்பது வழக்கமான எண்ணம். அவர் அதை விட்டு, இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். ஒரு படத்தில் ஒரு மீனவர் தம் தொழிலைப் பற்றிப் பேசுவார். இன்னொன்றில் ஒரு குடும்பம். வேறொன்றில் கூட்டுறவுச் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம்.

எடுத்த படத்தை முதலில் யாரிடம் காட்டினார்கள் என்பதே முக்கியம். படத்தில் இருந்தவர்களிடமே காட்டினார்கள். ‘இந்தப் பகுதி வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் அது நீக்கப்பட்டது. அவர்கள் சம்மதித்த பின்னர் தீவின் மற்றக் கிராமங்களில் காட்டப்பட்டது. நேருக்கு நேர் பேசினால் சண்டையில் முடியக்கூடிய விடயத்தை, திரையில் அடுத்த கிராமத்தவர் சொல்லும்போது மக்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ‘எங்களுக்கு இருக்கும் அதே பிரச்சினைதான் அவர்களுக்கும்’ என்று கண்டார்கள். பின்னர் படங்கள் மாகாண அரசிடம் சென்றன. மீன்பிடி அமைச்சர் தமது பதிலைக் கமராவுக்கு முன்னால் சொன்னார். அந்தப் பதிலும் தீவுக்குக் கொண்டுவந்து காட்டப்பட்டது.

ஃபோகோ மக்கள் தீவை விட்டுப் போகவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள்; பெரிய படகுகள் கட்டினார்கள். இதைப் படங்கள் மாத்திரம் சாதித்தன என்று சொல்வது உண்மையாகாது. ஊரில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். சங்கம் அமைக்கும் எண்ணமும் இருந்தது. ஆயினும் பிரிந்து கிடந்த கிராமங்கள் ஒன்றையொன்று கேட்கவும், ஆட்சியாளர் அவர்களைக் கேட்கவும் படங்கள் பாதை திறந்தன. பின்னர் பல நாடுகளில் அபிவிருத்திப் பணியாளர்கள் இம்முறையைப் பின்பற்றினார்கள்.

கமக்காரரோடு வாழ்ந்த படப்பிடிப்பாளர்கள்

ஜப்பானிலிருந்து வரும் உதாரணம் எமக்கு இன்னும் நெருங்கியது. அது நெல் விளைவிக்கும் கமக்காரரைப் பற்றியது. 1966 இல் ஜப்பானிய அரசு, தலைநகரான டோக்கியோவுக்கு அருகே சன்ரிசுக்கா என்னும் விவசாயப் பகுதியில் புதிய சர்வதேச விமான நிலையம் கட்ட முடிவு செய்தது. அந்த மண்ணைப் பயிர்செய்து வாழ்ந்த மக்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு அது. அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1968 இல் ஒகாவா சின்சுக்கே என்னும் இயக்குநரும் அவருடைய குழுவினரும் அங்கு சென்று, கமக்காரருடன் வருடக்கணக்காகத் தங்கி, தொடராகப் பல படங்களை எடுத்தார்கள். 1973 இல் வந்த ‘ஹெத்தா கிராமம்’ என்ற படத்தில் போராட்டக் காட்சிகளைவிட, ஊர்க் கூட்டத்தில் முதியவர்கள் நிதானமாகப் பேசுவதே அதிகம்.

விமான நிலையம் கட்டப்பட்டது. 1978 இல் திறக்கவும்பட்டது. படம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. இதை நாம் மறைக்கக்கூடாது. ஆனால் அந்த மக்கள் ஏன் எதிர்த்தார்கள், அந்த நிலம் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அவர்களுடைய வாயாலேயே கேட்கும் வாய்ப்பு இன்றும் இருக்கிறது. இல்லையேல் அரசாங்க அறிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இதன் பின் ஒகாவா குழுவினர் வடக்கே யமகத்தா மாகாணத்திலுள்ள மகினோ என்னும் கிராமத்தில் குடியேறினார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கு தாங்களே வயல் செய்து நெல் விளைவித்தார்கள். குளிர்காற்று எந்த வழியாக இறங்கி வந்து பயிரைக் கெடுக்கிறது, நெற்பூ எப்படி விரிகிறது என்றெல்லாம் ஆராய்ந்து படமாக்கினார்கள். இந்தப் பின்னணியில் 1989 இல் யமகத்தா நகரில் சர்வதேச ஆவணப்பட விழா தொடங்கியது. நகரசபை தொடங்கப்பட்டு நூறு ஆண்டு நிறைந்ததன் நினைவாக ஏற்பாடான அவ்விழாவுக்கு ஒகாவாவும் துணை நின்றார். 1992 இல் அவர் காலமானார். விழா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்றும் நடைபெறுகிறது. உலகெங்கிலுமிருந்து படங்கள் வருகின்றன. ஊர்மக்கள் தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். தலைநகரிலிருந்து தொலைவில், நெல்வயல்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த ஒரு நகரம் உலகத்தையே தன் முற்றத்துக்கு அழைக்க முடிந்தது. திருகோணமலை கொழும்பிலிருந்து தொலைவில் இருப்பது ஒரு குறையல்ல என்பதற்கு இது சான்று.

பணம் யார் தருவது?

‘இதெல்லாம் பணக்கார நாடுகளின் கதை’ என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு இரு உதாரணங்கள் அயல்நாட்டிலேயே உள்ளன. மதுரையில் ‘மறுபக்கம்’ என்ற அமைப்பின் மூலம் இயக்குநர் அமுதன் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறார். துப்புரவுத் தொழிலாளர், அணுஉலைக்கு அருகே வாழ்பவர், சாதிக்கொடுமைக்கு ஆளானவர் ஆகியோரின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களுக்கு வணிகத் திரையரங்குகள் இடம் தருவதில்லை. அவற்றுக்கு இவ்விழா இடம் தந்தது.

வட இந்தியாவில் கோரக்பூர் என்ற நகரில் 2006 இல் ‘எதிர்ப்பின் சினிமா’ என்ற பெயரில் ஒரு விழா தொடங்கப்பட்டது. பெரிய கம்பனிகளிடமோ அரசிடமோ பணம் வாங்குவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. பார்க்க வருபவர்கள் தருகின்ற சிறுதொகையிலேயே விழா நடக்கும். இம்முறை பின்னர் வேறு பல ஊர்களுக்கும் பரவியது.

பத்து ரூபாவோ ஒரு சுண்டு அரிசியோ கொடுத்தவர் அந்த விழாவின் சொந்தக்காரர் ஆகிறார். எந்தப் படம் காட்டவேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு வருகிறது. வெளியிலிருந்து வரும் நிதியை முழுவதும் மறுக்க வேண்டும் என்பதல்ல. ஆனால் பணம் தருபவர் படத்தைத் தெரிவுசெய்வாரானால், அது மீண்டும் மேலிருந்து வரும் படமாகவே முடியும்.

எமக்குக் கிடைக்கும் பயன்கள்

முதலாவது பயன், சிதறிய ஊர் ஒன்றுகூடுவதாகும். இடம்பெயர்வு ஒரு கிராமத்தைக் குடும்பங்களாக உடைத்துவிடுகிறது. ஒரு குடும்பம் கிளிவெட்டியில், ஒன்று மட்டக்களப்பில், ஒன்று இந்தியாவில், ஒன்று மத்திய கிழக்கில். மரணச் சடங்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூடினாலும் ஊரின் காரியத்தைப் பேச அங்கே நேரமிருப்பதில்லை. படம் பார்க்க வந்து, பார்த்து முடித்து, அதே பாயில் இருந்தபடி பேசும்போது ஊர்க்கூட்டம் மீண்டும் உயிர்பெறுகிறது.

இரண்டாவது பயன், இளையவர் நிலத்தை அறிவதாகும். 2006 இல் பிறந்த பிள்ளைக்கு இன்று இருபது வயது. முகாமில் வளர்ந்த அந்தப் பிள்ளை தன் தகப்பனின் வயலை வெறும் பெயராகவே அறிந்திருக்கும். எந்தக் குளத்திலிருந்து எந்த வாய்க்கால் வழியாக எந்த வட்டைக்குத் தண்ணீர் போகும், எங்கே மாட்டுப்பட்டி இருந்தது, எது பொதுத் தரவை, எங்கே ஊர் மயானம் என்பவற்றை அறிந்தவர்கள் வட்டைவிதானைமாரும் முதிய கமக்காரருமே. அவர்கள் ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு முதியவர் எல்லைவழியே நடந்துகொண்டே சொல்வதை ஒரு பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் பதிவுசெய்தால் அதுவே ஆவணப்படத்தின் தொடக்கம். அதை ஊர்முன் காட்டும்போது மற்ற முதியவர்கள், ‘இல்லை, அந்த மருதமரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்’ என்று திருத்துவார்கள். திருத்தத் திருத்தப் பதிவு உறுதிபெறும்.

மூன்றாவது பயன், அடுத்தவர் துயரத்தை அறிவதாகும். எமது மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருமே வெவ்வேறு காலங்களில் ஊரை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தம் ஓட்டத்தையே அறிவர். சம்பூர்த் தாயின் கதையும், மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்த தாயின் கதையும், எல்லைக்கிராமத்தில் இரவில் காட்டுக்குள் ஒளிந்த சிங்களத் தாயின் கதையும் ஒரே மாலையில் ஒரே திரையில் காட்டப்பட்டால் என்ன நடக்கும்? உடனே எல்லோரும் கட்டித் தழுவுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. கோபமும் வரலாம். ஆனால் ‘எங்களுக்கு மாத்திரந்தான் நடந்தது’ என்ற எண்ணம் கொஞ்சம் அசையும். ஃபோகோ தீவில் அதுதான் நடந்தது.

நான்காவது பயன், உலகத்தின் மற்ற இடம்பெயர்ந்தவர்களை அறிவதாகும். இந்தியாவில் நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணையால் கிராமங்களை இழந்த ஆதிவாசி மக்களைப் பற்றி ஆனந்த் பட்வர்தனும் சிமந்தினி துருவும் எடுத்த ‘நர்மதா நாட்குறிப்பு’ என்ற படம் 1995 இல் வெளிவந்தது. அதைச் சம்பூர் மக்கள் பார்க்கவேண்டும். சம்பூரில் அனல்மின் நிலையம் வரவிருந்தது. 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை. சூரியசக்தி நிலக்கரியை விட நல்லது. ஆனால் அபிவிருத்தியின் பயன் ஓரிடத்துக்கும் அதன் பாரம் இன்னோரிடத்துக்கும் போவது எப்படி என்பதையும், மற்ற நாட்டு மக்கள் என்ன கேள்விகளைக் கேட்டார்கள், என்ன நட்டஈட்டை வாங்கினார்கள், எதில் ஏமாந்தார்கள் என்பதையும் அறிந்திருப்பவர் அடுத்த கூட்டத்தில் வேறுவிதமாகப் பேசுவார்.

கைத்தொலைபேசியில் பார்த்தால் போதாதா?

இன்று எல்லோருடைய கையிலும் தொலைபேசி உண்டு. யூடியூப்பில் எதையும் பார்க்கலாம். பின் விழா எதற்கு? தனியே பார்ப்பவர் தனியே கோபப்படுகிறார், தனியே அழுகிறார்; அடுத்த நிமிடம் வேறொரு படம் வந்து அதை மறக்கச் செய்கிறது. தொலைபேசிக்கு எந்த மறுமொழியும் சொல்ல முடியாது. விழாவில் படம் முடிந்ததும் விளக்கு ஏற்றப்படுகிறது. படம் எடுத்தவர் முன்னால் நிற்கிறார். ‘தம்பி, நீர் சொன்னது பிழை’ என்று ஒரு வயோதிபர் சொல்லலாம். ‘எங்கட வீட்டை ஏன் அப்படிக் காட்டினீங்கள்?’ என்று ஒரு பெண் கேட்கலாம்.

ஆனந்த் பட்வர்தன் 1985 இல் மும்பாயின் நடைபாதைவாசிகளைப் பற்றி எடுத்த ‘எங்கள் நகரம் பம்பாய்’ என்ற படத்தில், வீடு இடிக்கப்பட்ட ஒரு பெண் படம் எடுப்பவர்களையே சாடுகிறார். ஏழைகளைப் படம் பிடித்துப் பெயர் வாங்கப் போகிறீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இயக்குநர் அதை வெட்டாமல் படத்திலேயே வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கேள்வியை எம்மிடம் வரும் ஒவ்வொரு கமராக்காரரிடமும் கேட்க எமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்பதற்கு ஒரு மேடை வேண்டும்.

சிக்கல்களும் எச்சரிக்கைகளும்

எமது நாட்டில் இம்முயற்சி இலகுவானதல்ல. வடக்கில் 2015 இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. போர் முடிந்து ஆறு ஆண்டுகளில் அது நல்ல தொடக்கமே. ஆனால் 2018 இல் அவ்விழாவில் காட்டப்படவிருந்த ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்ற ஆவணப்படம், எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. தமிழ் இயக்கங்களிடையே நடந்த வன்முறையையும் பேசுகிற படம் அது. அப்படம் சரியா பிழையா என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. நாம் சொல்ல விரும்புவது இதுதான்: படம் காட்டப்படாவிட்டால், அதை ஏற்பவரும் மறுப்பவரும் பேசுவதற்கு இடமே இல்லாமற் போகிறது. எம்மைப் புகழும் படத்தை மட்டும் காட்டுவதானால் விழா தேவையில்லை, கண்ணாடியே போதும்.

அனுமதி பற்றியும் அறிந்திருக்க வேண்டும். பொது இடத்தில் படம் காட்டுவதற்கு எமது நாட்டில் சட்டவிதிகள் உண்டு. ஏற்பாட்டாளர்கள் முற்கூட்டியே விசாரித்து, உரிய அனுமதிகளைப் பெற்று, கடிதங்களின் பிரதிகளை வைத்திருப்பது நல்லது. கடைசி நேரத்தில் கூட்டம் கலைக்கப்பட்டால் வெளியூரிலிருந்து வந்தவர்களைவிட உள்ளூர் மக்களே அல்லற்படுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது படத்தில் வருபவரின் பாதுகாப்பு. காணாமற்போன மகனைப் பற்றிப் பேசும் தாயும், காணி வழக்கில் சாட்சி சொல்பவரும், பெண் என்ற காரணத்தால் துன்பப்பட்டவரும் தம் முகமும் பெயரும் வெளிவர விரும்பாமலிருக்கலாம். முகத்தை மறைத்துக் குரலை மட்டும் வைக்கலாம். குரலும் வேண்டாம் என்றால் இன்னொருவர் வாசிக்கலாம். எடுக்கும்போது சம்மதித்தவர் காட்டும்போது மனம் மாறினால் அந்த மாற்றத்தை மதிக்க வேண்டும். ஊருக்குள் காட்டச் சம்மதித்தவர் முகநூலில் போடச் சம்மதித்ததாக ஆகாது. இரண்டையும் வெவ்வேறாகக் கேளுங்கள்.

இன்னுமொன்று: படம் காணி உறுதியாகாது. வயோதிபர் எல்லை காட்டும் படத்தை வைத்துக்கொண்டு காணி கிடைத்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, உரமானியச் சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு ஆகியவற்றைத் தேடி ஒழுங்குபடுத்தும் வேலையை அது நிறுத்திவிடக் கூடாது. யாரிடம் என்ன பத்திரம் இருக்கிறது, யார் எதற்குச் சாட்சி என்பதை ஊர் நினைவுக்குக் கொண்டுவர அது உதவும்.

எப்படித் தொடங்கலாம்?

பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு மடிகணினி, ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு ஒலிபெருக்கி போதும். பாடசாலையிலோ பிரதேசசபையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ புரொஜெக்டர் இரவல் பெறலாம்.

பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோக வேலை தொடங்கும் முன் உள்ள நாட்கள் ஏற்றவை. மூன்று மாலைகள் போதும்; நிலவுக் காலமாயின் வீடு திரும்புவது இலகு. யானை நடமாடும் இடங்களில் பொழுதுபட முன்னரே தொடங்கி நேரத்தோடு முடிக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக வீடு சேர ஒழுங்கு செய்யாத விழா ஆண்களின் விழாவாகிவிடும்.

மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, இளைஞர் கழகம் ஆகியவற்றிலிருந்து தெரிவுக்குழு ஒன்றை அமைக்கலாம். மூவினத்தவரும் அதில் இருக்கட்டும். எல்லாப் படங்களையும் குழு முதலில் பார்க்க வேண்டும். உள்ளூரில் எடுத்த படமாயின் படத்தில் இருப்பவர்கள் அதற்கும் முதல் பார்க்க வேண்டும்.

ஒரு மாலைக்கு இரண்டு படங்களுக்கு மேல் வேண்டாம். ஒன்று வெளியூர்ப் படம், ஒன்று உள்ளூர்ப் படம் என்று வைத்தால் ஒப்பிட்டுப் பேச வசதி. படம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பேச்சுக்கும் ஒதுக்குங்கள். வேற்றுமொழிப் படமாயின், நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒலிபெருக்கியில் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லிக்கொண்டு போகலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே உதவும்.

பேச்சை ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். இடப்பெயர், குளப்பெயர், ஆண்டு ஆகியவை பேச்சில் வந்தால் கட்டாயம் எழுதி வையுங்கள். படத்தின் பிரதிகளை மூன்று வேறிடங்களில் வையுங்கள்: பாடசாலை, நூலகம், ஊரில் நம்பிக்கையான ஒருவரின் வீடு. ஓரிடத்தில் வைத்த பத்திரங்கள் ஓர் இரவில் எரிந்துபோனதை எம் மக்கள் நன்கு அறிவர்.

நிறைவாக

‘வயிறு காய்ந்து கிடக்கும்போது படம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வீடும் கிணறும் விதைநெல்லும் வேண்டும். அவற்றுக்காக உழைப்பதை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஆயினும் எமது மக்கள் இழந்தது பொருளை மட்டுமல்ல. தம்மைப் பற்றித் தாமே சொல்லும் உரிமையையும் இழந்தார்கள். முகாமில் அவர்கள் ஓர் இலக்கம். அறிக்கையில் ஒரு தொகை. வெளிநாட்டுத் திரையில் ஓர் அழுத முகம். தன் வயலின் பெயரைத் தன் வாயால் சொல்லி, அது ஊர்முன் ஒலிக்கக் கேட்கும் கமக்காரர், காணிக் கந்தோரின் வாசலிலும் வேறுவிதமாக நிற்பார். அடுத்த தடவை உங்கள் ஊருக்குக் கமராவுடன் யாரும் வந்தால், வரவேற்று ஒரு தேநீர் கொடுங்கள். பின்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை எங்களுக்கு எப்போது கொண்டுவந்து காட்டுவீர்கள்?’

குழுவாகக் கலந்துரையாடச் சில கேள்விகள்

1. உங்கள் ஊரை அல்லது முகாமை யார், எப்போது படம் எடுத்தார்கள்? அப்படத்தை நீங்கள் பார்த்தீர்களா? அதைத் திரும்பப் பெற யாரிடம் கேட்கலாம்?

2. உங்கள் ஊரின் குளம், வாய்க்கால், வட்டை, எல்லை ஆகியவற்றை நன்கு அறிந்த முதியவர்கள் யார் யார்? அவர்கள் சொல்வதை யார் பதிவுசெய்வது?

3. அயலிலுள்ள மற்ற இனத்தவரின் இடம்பெயர்வைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அவர்களுடன் சேர்ந்து ஒரு மாலை படம் பார்ப்பதற்குத் தடையாக இருப்பவை எவை?

4. எவற்றைப் படமாக்கலாம், எவற்றைப் படமாக்கக் கூடாது? அதைத் தீர்மானிப்பவர் யாராக இருக்க வேண்டும்?